சட்டத்துக்குள் புகுந்த ஒரு குஜராத்திச் சொல்

வதைக்கு உள்ளான விலங்கை என்ன செய்வது என்ற கேள்விக்கு, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தன் 35ஆம் பிரிவில் மூன்று வழிகளைக் காட்டுகிறது. மீண்டும் வேலைக்குத் தகுதி பெறும்வரை அதை மருத்துவ விடுதியில் வைக்குமாறு நீதிபதி ஆணையிடலாம், பிஞ்சராபோலுக்கு அனுப்பலாம், நோய் தீராதது என்றோ, வதையின்றி அதை இடம்பெயர்க்க இயலாது என்றோ கால்நடை மருத்துவர் சான்றளித்தால் கொன்றுவிடச் சொல்லலாம். முதலாவதும் மூன்றாவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய விலங்குநல இயக்கம் விட்டுச் சென்றவை. இரண்டாவது குஜராத்தி வணிகர்களின் கொடை. பால் சுரப்பைக் கூட்டப் பசுவின் மீது கையாளப்பட்ட ‘பூக்கா’ என்னும் கொடுமைக்குப் பொருள் வரையறை தரும் இச்சட்டம், பிஞ்சராபோல் என்பதற்கு வரையறை எதையும் தரவில்லை. எல்லோரும் அறிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள் போலும்.

சொல்லின் வரலாறு எளியது. ‘பாஞ்சரு’ என்றால் கூண்டு. கிளியின் கூட்டைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘பஞ்சரம்’ என்னும் வடசொல்லின் உறவு அது. ‘போள்’ என்பது வாயிற்கதவு இட்டு அடைக்கப்படும் குடியிருப்புத் தெரு; அகமதாபாத்தின் பழைய நகரம் முழுவதும் இத்தகைய போள்களால் ஆனது. வாயிலைக் குறிக்கும் ‘ப்ரதோலி’ என்னும் வடசொல்லிலிருந்து பிறந்தது. ஆக, சொல்லளவில் பிஞ்சராபோல் என்பது விலங்குகளுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு தெரு. மருத்துவம், நலம், கருணை என்னும் பொருளுடைய கூறு எதுவும் அதில் இல்லை. அடைத்துக் காப்பது என்ற ஒன்றே அதில் உண்டு.

இவ்வமைப்பின் தொடக்கத்தை அசோகரிடம் தேடுவோர் பலர். இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதர்க்கும் கால்நடைகளுக்கும் ஆன இருவகைச் சிகிச்சையைப் பேசுகிறது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் அது ஏற்படுத்தப்பட்டதாகக் கூறுகிறது. ஆனால் கல்வெட்டில் உள்ள சொல் ‘சிகிச்சை’. மூலிகைகளைக் கொணர்ந்து நட்டதும் வழிகளில் கிணறு வெட்டியதும் சொல்லப்படுகின்றன. விலங்குகளைத் தங்க வைத்த கட்டடம் சொல்லப்படவில்லை. சிகிச்சையை மருத்துவமனையாக வளர்த்தெடுத்தவர்கள் பிற்கால நூலாசிரியர்களே.

உறுதியான சான்றுகள் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கிடைக்கின்றன. 1583இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ரால்ஃப் ஃபிட்ச், காம்பே நகரில் முடமான நாய்க்கும் பூனைக்கும் பறவைக்கும் விடுதிகள் இருந்ததை எழுதினார். 1623இல் அதே நகருக்கு வந்த இத்தாலியர் பியத்ரோ தெல்லா வாலே பறவைகளின் விடுதியில் கண்ட காட்சியை மறப்பது கடினம். தாயை இழந்த எலிக்குஞ்சுகளைப் பஞ்சில் கிடத்தி, மூக்குக்கண்ணாடி அணிந்த வெண்தாடிக் கிழவர் ஒருவர் இறகின் நுனியால் பால் புகட்டிக்கொண்டிருந்தார். 1696இல் நூல் வெளியிட்ட ஓவிங்டன், சூரத்தில் மூட்டைப்பூச்சிகளுக்கு உணவாக ஏழை ஒருவனைக் கூலி பேசி இரவு முழுவதும் படுக்க வைப்பார்கள் என்று எழுதியது வேறு வகை. அதில் பயணிகளுக்கே உரிய மிகைச்சுவை கலந்திருக்கலாம். என்றாலும் தானியத்தில் கண்ட பூச்சிகளைக் கொட்டிக் காக்கும் ‘ஜீவாத்கானா’ என்னும் அறை குஜராத்தின் பிஞ்சராபோல்களில் பிற்காலத்திலும் இருந்தது. காக்கப்படும் உயிர் பயன் தருமா, அழகானதா, புனிதமானதா என்று சமணக் கொல்லாமை கேட்கவில்லை.

இந்த அறத்துக்குப் பொருள் வந்த வழியும் நோக்கத்தக்கது. வணிக மகாஜனங்கள் தம் சரக்குகளின் மீது தாமே ‘லாகா’ என்னும் மகமையை விதித்துக்கொண்டன. பம்பாயில் இது தெளிவாகத் தெரிகிறது. தெருநாய்களைக் கொல்வோருக்குத் தலைக்கு இவ்வளவு என்று அங்குள்ள ஆட்சி கூலி தந்து வந்தது. 1832 ஜூனில் பார்சிகள் அதை எதிர்த்துக் கிளர்ந்தனர். சவத்தின் மீது நாயின் பார்வை பட வேண்டும் என்பது அவர்களது ஈமச்சடங்கின் பகுதி. கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டைப் படையினருக்குச் செல்லவிருந்த உணவுப்பொருளும் தடைப்பட்டது. 1834இல் பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகர் மோதிசந்த் அமிசந்தும் பம்பாய் பிஞ்சராபோலை நிறுவினர். பருத்தி, சர்க்கரை போன்ற சரக்குகளின் மகமை அதைத் தாங்கியது. ஜம்ஷெட்ஜியின் பெருஞ்செல்வத்தில் சீனத்துக்கு அனுப்பிய அபினியின் பங்கு சிறிதன்று என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிஞ்சராபோலும் கோசாலையும் ஒன்றே என்று இன்றைய எழுத்துகள் பலவும் கருதுகின்றன. இது வரலாற்றைக் குழப்புவது. தயானந்த சரஸ்வதி 1882இல் கோரட்சிணி சபையைத் தொடங்கிய காலத்தை ஒட்டிப் பெருகிய கோசாலைகள் பசுவை மட்டும் முன்னிறுத்தியவை. அவற்றின் பின்னே ஒரு சமூக அணிதிரட்டல் இருந்தது. நொண்டி நாயும் கிழட்டுக் கழுதையும் சிறகொடிந்த புறாவும் புகக்கூடிய இடமாக இருந்தது பிஞ்சராபோலே.

ஆயினும் அதன் கொல்லாமைக்குள் விடைகாணாத கேள்வி ஒன்று இருந்தது. கொல்லாதிருப்பதும் துன்பம் நீக்குவதும் ஒன்றா? 1861இல் கல்கத்தாவில் கோல்ஸ்வர்தி கிராண்ட் தொடங்கிய விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் மரபில், மீளாத நோயுற்ற விலங்கை வலியின்றிக் கொல்வது கருணை. பிஞ்சராபோலுக்கோ அது பாவம். இரு தரப்பும் நேருக்கு நேர் மோதிக்கொண்டது அகமதாபாத்தில். மோதலின் நடுவே நின்றவர் காந்தி. 1926இல் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் தம் ஆலைவளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தபோது, வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டவர் அவர். அதற்கு எழுந்த கண்டனங்களுக்கு ‘யங் இந்தியா’வில் வாரக்கணக்கில் மறுமொழி எழுதினார். 1928இல் சபர்மதி ஆசிரமத்திலேயே கன்று ஒன்று மீளமுடியாத வேதனையில் கிடந்தது. மருத்துவரை அழைத்து, நஞ்சை ஊசி வழியே செலுத்தச் செய்தார் காந்தி. வசைக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை; தம் குழந்தைக்கே வெறிநோய் கண்டு, வேதனை தணிக்க வழியற்றுப் போனால் அதன் உயிரைப் போக்குவதும் கடமையாகிவிடும் என்றுகூட எழுதினார். பிஞ்சராபோல்களை நகர நெருக்கடியிலிருந்து வெளியேற்றி, பால்பண்ணையும் இறந்த மாட்டின் தோலைப் பதனிடும் கூடமும் இணைந்த இடங்களாக நடத்த வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய திட்டம். தோல் பதனிடுதலைத் தீட்டாகக் கருதியவர்களே அவற்றின் அறங்காவலர்களாக இருந்த சூழலில், அது எளிதில் ஏற்கப்படக்கூடிய யோசனையாக இல்லை.

1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும், அரசே சட்டம் இயற்றும் என்று நேரு தந்த உறுதியின் பேரில் அதை அவர் திரும்பப் பெற்றதும் பலமுறை எழுதப்பட்டவை. அவ்வாறு பிறந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் காந்திக்கும் அவரைக் கண்டித்தவர்களுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே பிரிவில் இடமளித்துத் தேர்வை நீதிபதியிடமும் மருத்துவரிடமும் விட்டது. சட்டத்தின்படி 1962இல் சென்னையில் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு ருக்மிணி தேவியே முதல் தலைவர்.

35ஆம் பிரிவில் அதிகம் பேசப்படாத வரி ஒன்று உண்டு. மருத்துவ விடுதிக்கோ பிஞ்சராபோலுக்கோ விலங்கைக் கொண்டுசெல்லும் செலவை உரிமையாளர் ஏற்க வேண்டும். மருத்துவ விடுதியில் ஆகும் பராமரிப்புச் செலவையும் அவரே ஏற்க வேண்டும். பிஞ்சராபோலில் ஆகும் தீவனச் செலவைப் பற்றி அவ்வரி பேசவில்லை. மகமை இருக்கிறது, மகாஜனம் பார்த்துக்கொள்ளும் என்ற பழைய உலகத்தின் நம்பிக்கை அந்த மௌனத்தில் தெரிகிறது. வழக்கில் கைப்பற்றப்பட்ட விலங்குகளின் பராமரிப்புச் செலவுக்குக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் விதிகள் வந்தது 2017இல்.