வெயிலும் மருந்தும்: ஒளிச் சிகிச்சையின் வரலாறு

எத்தாளையில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் வாப்பும்மாவின் வெற்றிலை வட்டா இன்னும் இருக்கிறது. கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படலம் வந்தபோது, "சுண்ணாம்பு சுட்டிருக்கும் மகன், விடுங்க" என்றுதான் சொன்னா. நோவு வந்த பிறகே டொக்டரிடம் காட்டினோம். பிந்திவிட்டது. அந்த மௌத்துக்குப் பிறகுதான் புற்றுநோய்க்கு ஒளியால் செய்யும் சிகிச்சையைப் பற்றித் தேடிப் படித்தேன்.

இந்த வரலாற்றை இப்னுல் பைத்தாரிலிருந்து தொடங்க நமக்கு ஆசை வரும். மலாகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மௌத்தான அந்த மூலிகை அறிஞர், ஆத்ரீலால் என்னும் செடியின் விதையைத் தேனோடு கொடுத்து, வெண்புள்ளி உள்ள தோலை வெயிலில் காட்டும் முறையை எழுதிவைத்தார். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கார்போகரிசியிலும் அதே வகைப் பொருளான சோரலென் உண்டு. மருந்தும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். பெருமைதான். ஆனால் அது தோலின் நிறத்துக்கான வைத்தியம். புற்றுநோயையும் அவர்கள் கணக்கில் எழுதினால் அது வரலாறு ஆகாது.

புற்றுநோய்க்கான பாதை மியூனிக்கில் தொடங்கியது. 1900இல் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் இருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் விரைவாகச் சாவதையும் இருட்டில் அப்படி நடக்காததையும் கண்டார். 1903இல் அவருடைய ஆசிரியர் தப்பைனரும் யெசியோனெக்கும் தோல் புற்றில் ஈயோசின் சாயம் பூசி ஒளி பாய்ச்சினார்கள். 1970களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தோமஸ் டோகர்ட்டி இதை முறையான சிகிச்சையாக வளர்த்தார். 1993இல் கனடா முதல் மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

வேலை நடக்கும் விதம் இதுதான்: மருந்து புற்றுக் கலங்களில் கூடுதலாகச் சேர்கிறது. சிவப்பு ஒளி பட்டதும் அங்குள்ள ஒட்சிசன் நஞ்சுத் தன்மை பெற்று அந்தக் கலங்களைக் கொல்கிறது. ஆனால் ஒளி சில மில்லிமீற்றர் ஆழம்தான் போகும். சிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச நாள் வெயிலில் போகவும் கூடாது.

எங்களுக்குக் கிட்டிய கதை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, மின்சாரம் தடைப்படும் ஊருக்கும் பொருந்தும் மலிவான எல்ஈடி விளக்கால் கன்னப் புற்றுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி 29 பேரில் 22 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. எல்லாம் 5 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்காத ஆரம்பக் கட்டிகள்.

அந்த 5 மில்லிமீற்றரில்தான் எங்கட வீட்டுக் கதை இருக்கிறது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயைத் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே அறிவித்துவிட்டது. வாய்க்குள் வெள்ளையோ சிவப்போ இரண்டு மூன்று கிழமை மாறாமல் கிடந்தால், சுண்ணாம்பைக் குற்றம் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். எந்தச் சிகிச்சையானாலும், வாயைத் திறந்து காட்டினால்தானே வெளிச்சம் உள்ளே போகும்?