‘நாட்டின் மகன்’ பகையான கதை

ஐரிஷ் மொழியில் ஓநாய்க்கு வழங்கும் பெயர் ‘மாக் டீரெ’. ‘நாட்டின் மகன்’ என்பது அதன் நேர்ப்பொருள். மாட்டையே செல்வமாக எண்ணிய ஒரு சமூகம், மாட்டைக் கொல்லும் விலங்கை மகனென்று அழைத்திருக்கிறது. ஃபேலான் என்ற பழைய ஆண்பெயருக்குச் ‘சின்ன ஓநாய்’ என்று பொருள். இன்றைய ஃபீலன், வீலன் குடும்பப் பெயர்கள் அதன் வழி வந்தவை.

பழங்கதைகளிலும் இந்த உறவு உண்டு. தாராவில் அரசாண்டதாகப் போற்றப்படும் கோர்மக் மாக் ஆர்ட்டைக் குழந்தைப் பருவத்தில் பாலூட்டி வளர்த்தது ஒரு பெண் ஓநாய். ஸ்லைகோ மாவட்டத்துக் கேஷ் மலைக் குகைகளை அந்தக் கதை நடந்த இடமாக இன்றும் காட்டுகிறார்கள். ஆனால் கதைகள் அச்சத்தையும் மறைக்கவில்லை. போர்த் தெய்வமான மோரிகன், வீரன் கூஹலினைத் தாக்க எடுத்த வடிவங்களுள் ஒன்று பெண் ஓநாய். ஐரிடெக் என்பவனின் மூன்று மகள்கள் ஆண்டுதோறும் ஓநாய்களாகக் குருஆகன் குகையிலிருந்து வந்து ஆடுகளை அழித்தார்கள். யாழிசைத்த காஸ் கோராக், இசையை மனித உருவில் கேட்பதே சுகம் என்று அவர்களை நம்பவைத்தான். அவர்கள் ஓநாய் வடிவத்தைக் களைந்து அமர்ந்த நேரத்தில், வீரன் கீல்டெ எறிந்த ஒரே ஈட்டி மூவரையும் துளைத்தது.

இந்த மரபில் மிக ஆழமானது ஆஸரி நாட்டுக் கதைதான். இன்றைய கில்கென்னியும் லீஷ் மாவட்டத்தின் ஒரு பகுதியும் சேர்ந்ததே ஆஸரி. 1185இல் இளவரசர் ஜானுடன் அயர்லாந்துக்கு வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட், சில ஆண்டுகளில் எழுதிய நூலில் இதைப் பதிவுசெய்தார். காட்டில் தீ மூட்டி இரவைக் கழித்த ஒரு பாதிரியாரிடம் ஓர் ஓநாய் வந்து பேசியது. புனிதர் நடாலிஸ் இட்ட சாபத்தால் ஏழாண்டுக்கு ஒருமுறை தங்கள் மக்களுள் ஓர் ஆணும் பெண்ணும் ஓநாயாக வாழவேண்டும் என்றது. சாகும் நிலையிலிருந்த தன் துணைக்கு இறுதி நன்மை தரும்படி வேண்டியது. பாதிரியார் தயங்கியபோது அதன் தோலை விலக்கிக் காட்டியது. உள்ளே ஒரு மூதாட்டி இருந்தாள். நார்மன் அந்நியர் இந்நாட்டில் நிலைப்பார்களா என்று பாதிரியார் கேட்டதற்கு, எங்கள் பாவத்தால் இறைவன் எங்களைப் பகைவர் கையில் கொடுத்தார் என்ற பொருளில் அது விடைசொன்னது. எழுதியவர் வெற்றிபெற்ற தரப்பைச் சேர்ந்தவர். ஆகவே அந்த விடையில் ஆள்வோரின் நியாயமும் ஒலிக்கிறது. இருந்தும், நாடிழந்த மக்களின் குரலாக ஓநாய் பேசுவது இங்கேதான்.

ஓநாய் வேட்டை அயர்லாந்துக்குப் புதிதல்ல. ஆனால் ஓநாயை அடியோடு அழிப்பது அரசின் கொள்கையானது, அயர்லாந்தைக் கைப்பற்றி நிலங்களைப் பறித்த ஆங்கிலேயர் கிராம்வெல்லின் ஆட்சியில். 1652இல் ஓநாய் வேட்டை நாய்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை வந்தது. அடுத்த ஆண்டே தலைக்கு விலை வைத்தார்கள்: பெண் ஓநாய்க்கு 6 பவுண்டு, ஆணுக்கு 5 பவுண்டு, பால்குடிக் குட்டிக்கு 10 ஷில்லிங். 1657இல் லண்டன் நாடாளுமன்றத்தில் மேஜர் மார்கன், அழிக்கவேண்டிய மூன்று மிருகங்கள் என்று ஓநாயையும் கத்தோலிக்கப் பாதிரியாரையும் ‘டோரி’ எனப்பட்ட காட்டுக் கிளர்ச்சியாளரையும் ஒரே வரிசையில் வைத்தார். அந்த வரிசையே இந்த வரலாற்றின் திறவுகோல். நிலத்தைப் பறித்தவர்களுக்கு, அந்த நிலத்தின் மகன் என்று பெயர் பெற்ற விலங்கும் கிளர்ச்சியாளர்தான். கிளர்ச்சியாளரும் ஓநாயும் ஒளிந்திருந்த காடுகளும் வேகமாக வெட்டப்பட்டன.

கார்லோ மாவட்டத்து லெய்ன்ஸ்டர் மலையருகே 1786இல் கொல்லப்பட்டதே அயர்லாந்தின் கடைசி ஓநாய் என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. ஆனால் ஊருக்கு ஊர் ஒரு ‘கடைசி ஓநாய்’ உண்டு. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டார் வழக்குத் தொகுப்பில் அப்படிப்பட்ட கதைகள் பதிவாகியுள்ளன.

ஆஸரிக் கதையும் அழியவில்லை. 1650ஆம் ஆண்டின் கில்கென்னியைக் களமாகக் கொண்டு 2020இல் வெளிவந்த ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ என்ற அசைவூட்டப் படம் அந்த மரபிலிருந்து எழுந்தது. அதை உருவாக்கிய கார்ட்டூன் சலூன் நிறுவனம் இருப்பதும் கில்கென்னியில்தான்.