சிறைச் சுவர்களும் தண்டனை பற்றிய சிந்தனையும்

காவேரிப்பாக்கத்தில் பஸ் ஏறி வாலாஜா தாண்டி வேலூர் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தக் கோட்டையும், தொரப்பாடியில் உள்ள மத்திய சிறையும் ஒரே ஊரில் இருக்கும் இரண்டு காலங்கள்.

1799-ல் திப்பு சுல்தான் இறந்தபின் அவர் குடும்பத்தை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டைக்குள் உள்ள மஹால்களில் வைத்தனர். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனும் இங்கேதான் கைதியாக இருந்து 1832-ல் இறந்தார். இவர்களைத் திருத்துவது நோக்கமல்ல. தப்பவிடாமல் வைத்திருப்பதே நோக்கம். அதற்கு அகழியும் மதிலும் போதும்.

சாதாரணக் குற்றவாளிக்குப் பழைய காலத்தில் கசையடி, தூக்கு, நாடு கடத்தல் என்றுதான் தண்டனை. விசாரணை முடியும்வரை அடைத்து வைக்கும் இடமே சிறை. அடைத்து வைப்பதையே தண்டனையாக்கலாம் என்ற எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் வலுத்தது. 1791-ல் ஜெரமி பெந்தம் ஒரு கட்டட யோசனையை வெளியிட்டார். வட்டமாக அறைகள், நடுவே ஒரு கோபுரம். காவலர் பார்க்கிறாரா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது. அதனாலேயே அவன் எப்போதும் ஒழுங்காக இருப்பான் என்பது கணக்கு. அமெரிக்காவில் பிலடெல்பியா சிறை (1829) கைதிகளைத் தனித்தனி அறையில் வைத்தது. தனிமை மனம் திருந்த வைக்கும் என்று நம்பினார்கள். பலருக்கு மனம் பேதலித்ததுதான் மிச்சம்.

இந்தியாவில் என்ன நடந்தது? வேலூர் சிறை 1830-ல் வந்தது. மெக்காலே இடம்பெற்றிருந்த குழு 1838-ல் அறிக்கை தந்தது. கல்வி, நல்லொழுக்கப் போதனை எல்லாம் வேண்டாம். சலிப்பூட்டும் கடும் உழைப்பு வேண்டும் என்றது. பயமுறுத்துவதுதான் குறி. அதன் உச்சம் அந்தமான் செல்லுலார் சிறை (1896-1906). நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள். ஒரு கிளையின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும். கைதிக்குச் சக கைதியின் முகம்கூடத் தெரியாது.

1919-20-ல் அமைந்த இந்தியச் சிறைக் குழுதான் கைதியைத் திருத்துவதும் சிறையின் வேலை என்று தெளிவாகச் சொன்னது. ராஜாஜி வேலூர் சிறையில் நாட்குறிப்பு எழுதியதும் அதே காலத்தில், 1921-22-ல். இன்று தோல் தொழிலுக்குப் பேர் போன இந்தப் பகுதியின் சிறையில் கைதிகள் போலீசாருக்கு ஷூ தைக்கிறார்கள். சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் நிறுவனமும் 1979 முதல் வேலூரில் இயங்குகிறது.

ஆனால் சிந்தனை மாறிய வேகத்தில் கட்டடமும் பழக்கமும் மாறவில்லை. பாளையங்கோட்டை சிறையில் சாதி வாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்த வழக்கம் உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்பில் பேசப்பட்டது. சாதி அடிப்படையில் பிரிப்பதும் வேலை கொடுப்பதும் செல்லாது என்றது நீதிமன்றம். வெளியே இருக்கும் ஊரின் சுவர்களையே உள்ளேயும் கட்டியிருந்தோம் என்பதுதான் இதன் பொருள்.

இன்னொன்றும் உண்டு. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள். தண்டிக்கவும் திருத்தவும் என்று கட்டிய இடம், பெரும்பாலும் பழையபடி காத்திருக்க வைக்கும் கோட்டையாகவே இருக்கிறது. சுவரை எப்படிக் கட்டுவது என்று யோசிப்பதற்கு முன், யாரை உள்ளே வைக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?