சபூத்ரோ: தெரு நடுவே ஒரு பறவை மாடம்

கி.பி. 1411-ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா சபர்மதி ஆற்றங்கரையில் நிறுவிய அகமதாபாத், மதில் சூழ்ந்த வணிக நகரமாக வளர்ந்தது. மதிலுக்குள் மக்கள் 'போள்' எனப்படும் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். வாயிற்கதவு, குறுகிய சந்து, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் மரவேலை வீடுகள், நடுவே சிறு முற்றம் என்பது போளின் அமைப்பு. அம்முற்றங்கள் பலவற்றில் ஓர் உயர்ந்த தூணும், அதன் உச்சியில் பட்டைகளுடன் கூடிய மேடையும், மேடைக்கு மேல் ஒரு விதானமும் இன்றும் காணப்படுகின்றன. மனிதர் அமரும் மேடை அன்று அது. பறவைகளுக்குத் தானியம் இடும் மாடம். குஜராத்தியர் இதனைச் 'சபூத்ரோ' என்பர்.

வீடுகள் நெருங்கிய சந்தில் மரம் வளர இடமில்லை. அந்த மரத்தின் இடத்தில்தான் இத்தூண் நிற்கிறது எனலாம். பூனைக்கும் நாய்க்கும் எட்டாத உயரம் பறவைக்குக் காவல். விதானம் வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு. இவ்வளவு பயனுக்கு ஒரு கம்பும் பலகையும் போதும். ஆயினும் வீட்டு முகப்புகளுக்கு இழைத்த பூவேலையும் கொடிவேலையும் இம்மாடங்களின் தாங்கிகளிலும் இழைக்கப்பட்டன. பறவையை இரப்பதற்கு வந்ததாக எண்ணாமல், விருந்தாக எண்ணியவர்களின் வேலை இது.

இவ்வெண்ணத்துக்குக் குஜராத்தில் ஆழமான வேர் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆசாரியர் ஹேமசந்திரர் இயற்றிய திரிஷஷ்டி சலாகா புருஷ சரித்திரத்தில், பதினாறாம் தீர்த்தங்கரரான சாந்திநாதர் முற்பிறவியில் மேகரதன் என்னும் அரசராக இருந்து, பருந்துக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த புறாவைக் காத்த வரலாறு வருகிறது. சிபியின் கதையை அறிந்த தமிழர்க்கு இது புதிதன்று. தமிழகத்தில் இதே நெஞ்சம் வண்ணத்தில் வெளிப்பட்டது. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்றில் அன்னங்களும் மீன்களும் யானைகளும் மலர் கொய்யும் மனிதரும் ஒருவரையொருவர் அஞ்சாது நிற்கின்றனர். சமவசரணத்தைச் சார்ந்த தடாகமாக அதனைக் கொள்வர்.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர லால் மந்திர் வளாகத்தில், 1929-இல் தொடங்கிய பறவை மருத்துவமனை இயங்குகிறது. பட்டத்தின் மாஞ்சா நூலில் சிறகறுபட்டவை, மின்விசிறியில் அடிபட்டவை எனக் காயமுற்ற பறவைகள் இங்கே கொண்டுவரப்படுகின்றன. நகரம் செய்த காயங்களே இவற்றில் பெரும்பாலானவை. ஊனுண்ணும் பறவைகளை உள்ளே தங்கவைப்பதில்லை. வெளிநோயாளியாகவே மருந்திட்டு அனுப்புவர். கழுகும் புறாவும் ஒரே கூரையின்கீழ் இருப்பது சமவசரணத்தில் இயலும். மருத்துவமனையில் இயலாது அல்லவா!

மும்பையில் 2025-ஆம் ஆண்டு இவ்வறம் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. புறா எச்சத்தால் நுரையீரல் நோய் வருகிறது என்ற காரணத்தால் அரசு கபூதர்கானாக்களை மூட ஆணையிட்டது. தாதரில் உள்ளது தார்ப்பாயால் மூடப்பட்டது. ஜைனர் பலர் எதிர்த்துத் திரண்டனர். வழக்கு உயர்நீதிமன்றத்தில் நின்றது. நோயுற்ற மனிதனும் ஒரு ஜீவனே என்பதை மறந்து இதனைப் பேச இயலாது. பறவைக்கு உணவிடுவதே குற்றம் என்று தள்ளிவிடவும் இயலாது.

இங்கே பழைய தச்சரின் கணக்கு கவனிக்கத்தக்கது. சபூத்ரோவின் மேடை சிறியது. சில பிடித் தானியமே கொள்ளும். அது ஒரு போளின் பறவைகளுக்கு மட்டும் உரியது. கபூதர்கானாவிலோ நகரெங்கும் இருந்து வருவோர் தானியத்தை மூட்டைகளாகக் கொட்டுகின்றனர். ஆயிரக்கணக்கான புறாக்கள் ஓரிடத்தில் குவிகின்றன. சிட்டுக்குருவிக்கும் கிளிக்கும் அங்கே இடமில்லை. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே, அளவு வேறு. அகமதாபாத்தின் பழைய நகரம் 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. அதன் போள்களுக்குச் செல்வோர், வீட்டு முகப்புகளைப் பார்த்த கண்ணைச் சற்றே மேலே உயர்த்தினால் அச்சிறு மேடைகளைக் காணலாம்.