குளிசையின் நிறையும் குளிசைக்குள் இருக்கும் மருந்தும்

குளிசையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் உருவத்தோடு நின்றுவிடுகிறார்கள். அச்சு எப்போது வந்தது, இயந்திரம் எப்போது வந்தது என்பதே அவர்களுக்குக் கதை. ஒவ்வொரு குளிசையிலும் ஒரே அளவு மருந்து இருக்கிறதா என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. நோயாளியின் உயிர் தங்கியிருப்பது அந்தக் கேள்வியில்தான்.

அந்தலூசியாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீப்' என்ற தமது முப்பது பாக நூலில் வில்லை செய்யும் அச்சொன்றை விபரிக்கிறார். கருங்காலியையோ தந்தத்தையோ இரண்டு பலகையாக அறுத்து, ஒவ்வொன்றிலும் பாதி வில்லை அளவுக்குக் குழி வெட்ட வேண்டும். மருந்தின் பெயரை இடவலம் மாற்றிச் செதுக்கினால் வில்லையில் அது நேராகப் பதியும். இது ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஏற்பாடு.

மருந்துக் கடைக்காரரைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரி எழுதிய ஹிஸ்பா நூல், மருந்தில் கலப்படம் பிடிக்கும் வழிகளைச் சொல்கிறது. அன்றைய கவலை, மருந்தில் வேறு ஏதும் சேர்ந்திருக்கிறதா என்பது.

1843இல் இங்கிலாந்தின் வில்லியம் புரொக்கடன், தூளை அச்சுக்குள் இட்டு அழுத்திக் குளிசையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பின் வந்த இயந்திரங்கள் குளிசையை ஆயிரக்கணக்கில் கொட்டின. ஆனால் இயந்திரம் தூளை நிறுப்பதில்லை. குழியை நிரப்புகிறது, அவ்வளவுதான். தூள் தடையில்லாமல் ஓடினால் குழி நிறையும். மிக நுண்ணிய தூளோ கோதுமை மாவைப் போல ஒட்டிக்கொண்டு, புனலின் வாயில் வளைவு கட்டி நின்றுவிடும். அதனால் தூளை ஈரமாக்கிக் குறுணியாக்கி, உலர்த்தி, ஓடவிட்டார்கள்.

நிறை சரிவந்தது. மருந்து சரிவந்ததா? சுளகில் அரிசி கொழிக்கும் நம்முடைய உம்மாமாருக்கு இது விளங்கும். அசைக்க அசைக்கக் குறுணல் ஒரு பக்கம், முழு அரிசி ஒரு பக்கம் பிரியும். சுளகில் நாம் வேண்டிச் செய்வது, மருந்துத் தொழிற்சாலையில் வேண்டாமலே நடக்கிறது. பீப்பாயில் நன்றாகக் கலந்த தூள், புனலில் கொட்டும்போதும் இயந்திரத்தின் அதிர்விலும் பருமன்வாரியாகப் பிரிந்துவிடும். கூடுதல் நேரம் கலந்தால் எல்லாம் சரியாகும் என்றும் சொல்ல முடியாது. சில கலவைகள் அளவுக்கு மீறிக் கலந்தாலே பிரியத் தொடங்கும்.

டிஜொக்சின் என்ற இதய மருந்தை எடுத்துக்கொள்வோம். ஒரு குளிசையில் இருப்பது 0.25 மில்லிகிராம். குளிசை 100 மில்லிகிராம் என்று வைத்தால் நானூறில் ஒரு பங்குதான் மருந்து. மிச்சமெல்லாம் லக்டோஸ் போன்ற நிரப்பி. நோயைத் தணிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. மருந்தே இல்லாத குளிசையும் தராசில் சரியாகத்தான் நிற்கும். ஆகவே 1960களில் அமெரிக்க மருந்து நூல், நிறை மட்டும் போதாது என்று, குளிசைகளைத் தனித்தனியே எடுத்துள்ளிருக்கும் மருந்தை அளக்கும் சோதனையைச் சேர்த்தது.

1993இல் நியூ ஜேர்சியில் பார் லெபோரட்டரீஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் நீதிபதி அல்பிரட் வோலின், கலவையிலிருந்து எடுக்கும் மாதிரி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதையே ஆராய வேண்டியிருந்தது. பெரிய அகப்பையால் அள்ளினால் கூடியதும் குறைந்ததும் அதற்குள்ளேயே சமனாகி, கலவை நல்லது போலத் தெரியும். நோயாளி விழுங்குவதோ ஒரு குளிசை. மாதிரியும் அந்த அளவை ஒட்டியே இருக்க வேண்டும் என்று அவர் தீர்த்தார். தோற்ற சோதனையைக் காரணம் தேடாமல் ஒதுக்கிவிட்டு, தேறும்வரை திரும்பச் செய்யும் பழக்கத்தையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

பாமசியில் பத்துக் குளிசை வாங்கிப் போகிற ஏழை நோயாளிக்கு இதையெல்லாம் பார்க்கக் கண்ணில்லை, கருவியுமில்லை. பத்திலும் சேர்த்து மொத்த மருந்து சரியாக இருந்தும், ஒன்றில் இரண்டு மடங்கும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் போனால் பாதிக்கப்படுவது அவர்தான். முஹ்தஸிப் அன்று கடைத்தெருவில் செய்த வேலையை, இன்று கலவைப் பீப்பாயின் பக்கத்தில் நின்று யாராவது செய்தே ஆகவேண்டும்.