எடை குறைக்கும் மருந்தும் 33 வருடமும்

"சார், பெங்களூரில் நண்பர்கள் எடை குறைய ஊசி போடுறாங்க. நானும் போடலாமா?" என்று கேட்டார், ஓசூர் ஆலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தம்பி.

பிரெஞ்சில் படித்த எனக்கு 'மெதியாதோர்' நினைவு வந்தது. பிரான்சில் 1976-இல் விற்பனைக்கு வந்த மாத்திரை. பருமனான சர்க்கரை நோயாளிகளுக்கு என்றார்கள்; எடை குறைக்க மற்றவர்களும் விழுங்கினார்கள். அது இதய வால்வைக் கெடுப்பதை பிரெஸ்ட் நகர மருத்துவர் இரேன் பிராஷோன் வெளிக்கொண்டுவந்தார். 2009-இல்தான் விற்பனை நின்றது. இந்தியாவிலும் சிபுட்ரமின் மாத்திரை இதயத்துக்கு ஆபத்து என்று 2011-இல் தடையானது.

2025-இல் இங்கு வந்த வெகோவி ஊசி வேறு வகை. இதய நோயுள்ள பருமனானவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்தை அதன் மருந்து 20 சதவீதம் குறைத்தது என்று 2023-இல் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் வாந்தி, பித்தப்பைக் கல் வரலாம். நிறுத்தினால் எடை திரும்பும்.

"டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் போடுங்க தம்பி. நண்பர் சொன்னார் என்று வேண்டாம். அங்கே உண்மை தெரிய 33 வருடம் ஆச்சு" என்றேன்.