நூலகத்திற்குக் காவல் எது?

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு ஒரு வீட்டிலே தொடங்குகின்றது. 1933 ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கினார். மறு ஆண்டிலேயே ஊர்ப்பெரியோர் கூடி அம்முயற்சியைப் பொதுப்பணியாக்கினர். நூலகவியல் அறிஞர் இரங்கநாதனின் ஆலோசனையும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் பெற்று, 1954 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மாளிகை 1959 இல் திறக்கப்பெற்றது.

1981 மே 31 இரவுக்குப் பின் அம்மாளிகை தீக்கிரையாயிற்று. பொலிசார் உள்ளிட்ட கும்பலே தீயிட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அதே வேளையில் ‘ஈழநாடு’ நாளிதழின் பணிமனையும் எரிக்கப்பட்டதை நாம் மறத்தலாகாது. பழைய அறிவைச் சேமித்த இடமும், அன்றன்றைய செய்தியை உரைத்த இடமும் ஒருங்கே அழிந்தன.

அதன் பின்னரும் வாய்ப்பூட்டு தளரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த ‘சற்றர்டே றிவியூ’ என்னும் ஆங்கில வார இதழை அரசு 1983 இல் தடை செய்தது. அரசின் கொடுமையோடு ஆயுதக் குழுக்களின் கொடுமையையும் எடுத்துரைத்த ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான மருத்துவர் இராஜினி திராணகம, 1989 இல் யாழ்ப்பாணத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நூலகம் பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்தது. எரிந்த சுவடிகளோ மீளவில்லை. கல்லும் சுண்ணாம்பும் நூல்களுக்கு நிழல் தரலாம். காவல் தருவது, குடிமக்கள் அஞ்சாது எழுதவும் பேசவும் கொண்ட உரிமையேயாம்.